தறி நின்ற பிற்பகல்

அன்புச்செல்வி தாயின் கையைச் சுவரிலிருந்து எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். சற்று நேரத்தில் அது மீண்டும் வெளியே வந்து சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

சுவருக்கு அப்புறம் நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் ஓசை தாய் ராசம்மாளின் காதுகளுக்கு எட்டாமற்போய் வெகுகாலமாயிற்று. உள்ளங்கையில் ஏறும் அதிர்வைக் கொண்டே எந்தத் தறி ஓடுகிறது, எது நூல் அறுந்து நிற்கிறது என்று அறிந்துகொள்வாள். ஆஸ்பத்திரியில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்ட அன்று, கட்டிலை அந்தச் சுவரோரம் போடச் சொன்னவளும் அவளே.

கருமத்தம்பட்டிக்கு வருமுன் ராசம்மாளும் கணவர் காளிச்சாமியும் பண்ணையத்தில் கூலி வேலை செய்தவர்கள். மழை பொய்த்த ஓர் ஆண்டில் பண்ணைக்காரர் வரப்பில் நின்றபடி, "நாளைக்கு வர வேண்டாம்" என்றார். அந்த வாக்கியத்தை இனி எவரும் தன்னிடம் சொல்லக் கூடாது என்று ராசம்மாள் அன்றே முடிவுசெய்தாள். பங்காரம்மா என்பவளின் தறிக்குடோனில், நாடாவுக்குள் வைக்கும் நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தாள். தறி ஓட்டப் பழகினாள். பிறகு அந்தக் குடோனுக்குப் பக்கத்திலேயே சொந்தத் தறி போட்டாள். இரண்டாம் தறி வந்த ஆண்டில்தான், சத்தத்தை விட்டு விலகினால் மிச்சமுள்ள காது தப்பும் என்று கோவை டாக்டர் சொன்னார்.

"கண்ணு நல்லாத் தெரியுதுங்களே டாக்டரு, அது போதுமுங்க" என்றாள். பஸ் ஏறி வந்து நேரே தறியில் நின்றாள். எவரும் அதன்பின் அவளை வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த வீட்டில் யாரும் யாரையும் முதுகுப்புறமிருந்து அழைப்பதில்லை. பள்ளி விட்டு வரும் அன்புச்செல்வி தறியைச் சுற்றிப் போய்த் தாயின் முகத்துக்கு எதிரே நிற்பாள். டீச்சர் வகுப்பிலேயே தூங்கிப்போனது, தோழியின் ரிப்பனை ஆடு தின்றது எல்லாவற்றையும் வெறும் உதட்டசைவிலேயே சொல்லி முடிப்பாள். ராசம்மாள் தறியில் குறுக்கே ஓடும் நாடாவின் மீது ஒரு கண்ணும் மகளின் உதட்டின் மீது ஒரு கண்ணுமாக நின்று, சரியான இடத்தில் சிரிப்பாள். பாவு நூலின் கஞ்சி மணம் எங்கே வந்தாலும் அன்புச்செல்விக்கு அந்த மாலைகள் திரும்பிவரும். ஆனால் தன் குரலைத் தாய் எந்த வயதுவரை கேட்டாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. மணமாகி மேட்டுப்பாளையம் போன பிறகு அந்த ஒன்றே உறுத்தியது. ஒரே ஒருமுறை, ஓசையில்லாத அறையில், அந்தக் காதோரம் அழைத்துப் பார்க்க வேண்டும்.

அவள் கட்டிலோரமிருந்து எழுந்து குடோனுக்குச் சென்று, தறி ஓட்டிக்கொண்டிருந்த தந்தையின் எதிரே நின்றாள். "சித்த நேரம் தறிய நிறுத்துங்கப்பா" என்று உதட்டால் கேட்டாள்.

"உங்கம்மா வையுமே கண்ணு" என்றது அவர் உதடு.

"நான் சொல்லிக்கறனுங்க."

நான்கும் நின்றன. அன்புச்செல்வி குனிந்து, "அம்மா" என்றாள். பிறகு பலமாக அழைத்தாள். ராசம்மாள் கண்களைத் திறந்தாள். குரலால் அல்ல, சுவர் அதிராமற்போனதால்.

"கரண்ட் போயிருச்சா?"

"இல்லீங்கம்மா. நான் கூப்பிட்டது கேட்டுச்சுங்களா?"

தாய் அவளுடைய உதட்டையே பார்த்தாள். "நீ கூப்பிட்டது தெரிஞ்சுது கண்ணு" என்றாள்.

அதற்குள் வாசலில் ஒப்பாரி எழுந்தது. மின்சாரம் இருக்கையில் ராசம்மாளின் தறிகள் நான்கும் ஒருங்கே நின்றதை அந்தத் தெரு கண்டதில்லை. படுக்கையில் கிடப்பவளின் தறி நின்றால் அதற்கு ஒரே பொருள்தான். பக்கத்துக் குடோன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பங்காரம்மா கூந்தலை அவிழ்த்துவிட்டு, "எம்பட ராசு, என்னைய உட்டுப்போட்டுப் போயிட்டயா" என்று படியேறி வந்தாள். பின்னால் தெருப்பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

கட்டிலில் விழித்துக் கிடந்தவளைக் கண்டதும் ஒப்பாரி பாதியில் அறுந்தது.

"ஏனுங் அம்மணி, அதுக்குள்ள என்ன அவசரமுங்க? நான் இன்னும் ஊட்டுலதான் இருக்கறேன்" என்றாள் ராசம்மாள்.

பங்காரம்மா முடியை அள்ளிச் செருகினாள். "உன்ற தறி நின்னா நாங்க வேற என்னன்னு நெனைக்கறது? ஊரையே அழ வெச்சுப்போட்டயே."

"கரண்ட் இருக்கறப்போ தெருவே நிக்குது. போயித் தறிய ஓட்டுங்க. இன்னொருக்கா என்ற தறி நின்னா ஒருத்தரும் வரப்படாது, சொல்லிப்போட்டேன்."

"எங்கிட்டத் தார் சுத்த வந்தவ, என்னையவே அதட்டறா பாரு" என்று பங்காரம்மா மற்றவர்களிடம் முறையிட்டாள். சிரித்துக்கொண்டே அவர்கள் கலைந்தார்கள். காளிச்சாமியும் தறிக்குத் திரும்பினார். ராசம்மாளின் கை சுவரைத் தேடிச் சென்றது. இம்முறை அன்புச்செல்வி அதை எடுக்கவில்லை.

வெயில் தாழ்ந்த வேளையில் அந்தக் கை தானாகவே சரிந்தது. கடைசி மூச்சின் ஒலி தறிகளின் ஓசையில் கேட்கவில்லை.

அன்புச்செல்வி தறிகளைச் சுற்றிப் போய்த் தந்தையின் எதிரே நின்றாள். அவள் உதடு அசையவில்லை. காளிச்சாமி அவள் முகத்தைப் படித்துக்கொண்டு, ஒவ்வொரு தறியாக நிறுத்தினார்.

தெருவிலிருந்து எவரும் வரவில்லை. பங்காரம்மாவின் குடோன் ஓடிக்கொண்டே இருந்தது. தெருவில் சொல்லிவரக் கிளம்பிய மகளைக் காளிச்சாமி கையமர்த்தினார்.

"இருக்கட்டும் கண்ணு. சித்த கழிச்சுச் சொல்லிக்கலாம்."

குரலால்தான் சொன்னார். அது இத்தனை மெல்லியது என்று அவள் அறிந்திருக்கவில்லை.

அவர் கட்டிலோரம் அமர்ந்தார். ராசம்மாளின் தலை அன்று காலையில் மகள் வாரிவிட்டதுதான்; அதற்குள் எங்கிருந்தோ பஞ்சு வந்து ஒட்டியிருந்தது. அதை ஒவ்வொரு துகளாக எடுத்துத் தம் மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.