சாப்பாட்டில் என்ன குறை

என் கணவரைப் பட்டறையில் ‘அளவுகோல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சோபாக்களுக்கு உறை தைக்கும் பட்டறை, என் அப்பாவுடையது. துணி வெட்டினால் இம்மி பிசகாது. பேச்சும் அப்படித்தான். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த மனிதர் கொஞ்சம் வளைந்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு எத்தனையோ தடவை எரிச்சல் வந்திருக்கிறது.

நாங்கள் இரண்டு பேரும் இயேசுவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. அதற்குக் காரணம் நான்தான். இதே காரியத்துக்காகக் கூடப்பிறந்த தம்பியையே வாசலோடு நிறுத்தியவர் அப்பா. சித்தப்பா அடுத்த தெருவில்தான் இருக்கிறார், பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் சங்கதி வெளியே வந்தால் நாங்கள் இருக்கும் மாடி அறை போகும், பட்டறையில் என் கணவரின் வேலை போகும், பெற்றவர்களும் எனக்கு இல்லாமல் போவார்கள்.

“நேராக் கேட்டா மறைக்க மாட்டேன். கேட்கிற வரைக்கும் உனக்காகப் பொறுத்துக்கறேன்” என்று அவர் சொல்லியிருந்தார். யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று நான் வேண்டாத நாளில்லை. அதுவும் அந்த இயேசுவிடமேதான்.

சாப்பாட்டு மேஜையில் எனக்குத் தினமும் பயம்தான். அவர் தட்டைப் பார்த்துத் தலையைக் குனிந்து, சற்று நேரம் அசையாமல் இருந்துவிட்டுத்தான் சாப்பிடுவார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா மட்டும் கொஞ்ச நாளாகத் தலையில் துணி கட்டிக்கொண்டு சமைத்தாள். தலைவலியாக்கும் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு மதியம் அவர் வழக்கம்போலக் குனிந்தார். அம்மா கரண்டியை டங்கென்று மேஜையில் வைத்தாள்.

“போதும் மாப்பிள்ளை. என் சமையல்ல என்ன குறைன்னு இன்னைக்கு வாயைத் திறந்து சொல்லிடுங்க. பருப்பை மூணு தடவை புடைக்கறேன். முடி விழுமோன்னு தலையில துணி வேற. அப்புறமும் தினம் தட்டுக்குள்ள எதைத் தேடறீங்க?”

அவள் கண் கலங்கியிருந்தது. அப்பாவும் சேர்ந்துகொண்டார். “நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த வீட்டுச் சாப்பாடு இறங்கலைன்னா நேராச் சொல்லலாமே.”

“அவருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்மா” என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

“இல்ல அத்தை, கண்ணு நல்லாத்தான் தெரியுது” என்றார் அளவுகோல். மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். பலனில்லை. “நான் குறை தேடல. ஜெபம் பண்றேன். நான் இயேசுவை நம்பறேன். சாப்பாட்டுக்காக அவருக்கு நன்றி சொல்றேன்.”

அப்பாவின் முகம் இறுகியது. “இந்த மேஜையில அது நடக்காது.”

“அப்ப மாடியில சாப்பிட்டுக்கறேன் மாமா. பட்டறைக்கு வராதேன்னு நீங்க சொன்னாலும் எனக்குக் கோபம் இல்ல. ஆனா இதை விட முடியாது.” அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நானும் எழுந்தேன். “நீ உட்காரு. இது அவர் விஷயம்” என்றார் அப்பா.

உட்கார்ந்தால் போதும். ஒன்றும் பேச வேண்டாம், எதுவும் போகாது. ஆனால் இவர் இப்படித் தட்டோடு தனியாக நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

“என் விஷயமும்தான்பா. கண்ணு மங்கல்னு நான் சொன்னது பொய். நானும் இயேசுவைத்தான் நம்பறேன். பயத்துல கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்.”

சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு நன்றாக வந்தது. அவ்வளவு நாளும் அரைமூச்சில்தான் இருந்திருக்கிறேன் போல.

முதலில் பேசியது அம்மாதான். “அப்ப சாப்பாட்டுல ஒண்ணும் குறை இல்லையா?”

“இல்ல அத்தை. ரொம்ப நல்லாயிருக்கு. நேத்து மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கல்.”

அம்மா அழுகையும் சிரிப்புமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். “தம்பியை அனுப்பிட்டு நீங்க நிம்மதியாவா இருக்கீங்க? இவங்களையும் அனுப்பிட்டு யாரோட உட்கார்ந்து சாப்பிடப் போறீங்க?”

அப்பா தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். “எனக்கு இது பிடிக்கல. பிடிச்சிடும்னும் நினைக்காதீங்க.”

“தெரியும் மாமா.”

“தனியா வீடு எதுவும் பார்க்கலையே?”

“இல்ல மாமா.”

அப்பா நாற்காலியில் சாய்ந்தார். நாங்கள் தனிக்குடித்தனம் போய்விடுவோமோ என்றுதான் அவர் இத்தனை நாளும் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அப்ப உட்காருங்க. சாப்பாடு ஆறுது. பாதியில விட்டதை முடிச்சிட்டுச் சாப்பிடுங்க.”

உட்கார்ந்தோம். இரண்டு பேரும் தலையைக் குனிந்து, கண்ணை மூடி ஜெபித்தோம். நான் நிமிர்ந்தபோது அப்பா இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. எங்களுக்காகக் காத்திருந்தார்.