பெட்டியின் நீளம்

அமெரிக்காவின் வடக்கே, டுலூத் நகரத்து மேட்டிலிருக்கும் அந்த முதியோர் இல்லத்தில், ஜனவரியில் யாரிடம் போய் "குளிருதா?" என்று கேட்டாலும் "இதைவிட மோசமெல்லாம் பாத்தாச்சு" என்றுதான் பதில் வரும். குளிருகிறது என்று வாய்விட்டுச் சொல்வது அந்த ஊரில் நாலு பேர் முன்னால் அழுவதற்குச் சமானம். ரோண்டாவும் அதே ஊர்க்காரிதான். தெரிந்திருந்தும் அந்தப் பதிலைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டாள்.

போன கோடையில் இல்லத்தின் பழைய நீராவிக் கொதிகலனை அகற்றி, வெந்நீர் அனுப்பும் புதியதை வைத்தார்கள். அறைக்குச் சூடு தர ஜன்னலடியில் நிற்கும் தகரப் பெட்டிகளை மட்டும் மாற்றவில்லை. அவை எவ்வளவு வெப்பம் தரும் என்று கணக்கிட்டுச் சொல்லும் பொறுப்பு பொறியாளர் ரோண்டாவுக்கு. பெட்டிக்குள் தகடு கோத்த செம்புக்குழாய் இருக்கும். அதன் நீளத்தைப் பொறுத்துத்தான் வெப்பம். அலுவலக அறைப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குழாய் ஓடியது. மற்ற அறைகளில் பெட்டியை வெளியே அளந்ததோடு சரி. வடக்குப் பக்க அறைகளில் அதுகூட இல்லை. வாசலில் நின்றபடியே எல்லாம் ஒரே அளவுதான் என்று முடிவுகட்டிவிட்டாள்.

காரணம் சோம்பல் மட்டுமில்லை. அங்கே ஓர் அறையில் அவள் கணவனின் சித்தி ஆர்லீஸ் இருந்தாள். அதே ஊரில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காதவள், அளவு டேப்பும் கையுமாக எந்த முகத்தோடு உள்ளே போவாள்?

குளிர் வந்ததும் வடக்குப் பக்கம் சரியாகச் சூடேறவில்லை என்று நிர்வாகி வெண்டெல் போனில் இழுத்தார்.

"வயசான உடம்பு வெண்டெல், அடுப்பு மேல உக்கார வெச்சாலும் குளிரத்தான் செய்யும். வேணும்னா அவங்களையே கேட்டுப் பாருங்க."

அவர் கேட்டார். யாரும் குளிருகிறது என்று சொல்லவில்லை. பேச்சு அதோடு நின்றது.

ஆர்லீஸ் நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியதாகக் கணவன் சொன்ன பிறகுதான் ரோண்டாவுக்கு உறைத்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆர்லீஸ் அறைக்குள்ளேயே கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் கையுறையைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

"வாடியம்மா! வழி தெரிஞ்சுதா? காப்பி கொண்டு வரச் சொல்லட்டா?"

"காப்பி கிடக்கட்டும் சித்தி. இந்தப் பெட்டியக் கொஞ்சம் திறந்து பாக்கணும்."

"அது நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ரத்தம் சுண்டிப்போச்சு."

ரோண்டா பெட்டியின் முகப்பைக் கழற்றினாள். குழாய் பாதித் தூரம் வந்து நின்றுபோயிருந்தது. மீதி வெறும் தூசி. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கட்டும் என்று எந்த மகராசனோ பெட்டிகளை ஒரே நீளத்தில் செய்துவிட்டு, சிறிய அறைகளுக்குப் பாதிக் குழாய் வைத்திருந்தான். நீராவியின் கொதிப்பில் அந்தக் குறை வெளியே தெரியவில்லை. வெந்நீருக்கு அந்தச் சூடு ஏது? நாலு திருகாணி கழற்றச் சோம்பி ஒரு மனுஷியைப் படுக்கையில் தள்ளியிருக்கிறோம் என்று நினைத்தபோது ரோண்டாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சித்தி, உங்க ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. தப்பு என்னோடது. உள்ள பாக்காமலே கணக்குப் போட்டுட்டேன்."

"மெல்லப் பேசுடி!" ஆர்லீஸ் கதவுப் பக்கம் பார்த்தாள். "பக்கத்து ரூம் ஹில்மா புகார் பண்ணுவேன்னு குதிச்சா. இது எங்க வீட்டுப் பொண்ணு பாத்த வேலை, அவ பேரைக் கெடுத்துடாதீங்கன்னு நான்தான் எல்லாரையும் அடக்கி வெச்சிருக்கேன்."

வடக்குப் பக்கம் முழுக்க வாயை மூடிக்கொண்டு நடுங்கியது இவளுக்காகத்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆர்லீஸ் தடுத்தும் கேட்காமல், ரோண்டா கூடத்தில் எழுந்து நின்றாள்.

"உங்களுக்குக் குளிர்றது வயசானதால இல்ல. நான் பண்ணின தப்பு. வயசு மேல பழியப் போட்டதும் நான்தான். இன்னைக்கே மின்சார ஹீட்டர் வரும், அப்புறம் குழாயையும் மாத்திடுவோம். மன்னிச்சுடுங்க."

யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. ஹில்மா வாயைத் திறப்பதற்குள் ஆர்லீஸ் மேஜையைத் தட்டினாள்.

"போதும், அவளை உக்கார விடுங்க. தப்பு யாருக்குத்தான் வராது? ஞாயித்துக்கிழமையானா தவறாம எனக்குப் போன் பண்ற பொண்ணு அவ. உங்க பிள்ளைங்க பண்றாங்களா?"

தெரியுமே என்பதுபோல் கூடமே தலையாட்டியது. எல்லோரும் பலமுறை கேட்ட சங்கதி போலிருந்தது. ரோண்டா ஒரு ஞாயிறுகூட அவளுக்குப் போன் செய்ததில்லை. அதையும் ஒப்புக்கொள்ள வாயெடுத்தாள். ஆர்லீஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்று கெஞ்சுகிற கண்களோடு. ரோண்டா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தாள்.