வாயில் வரக்கூடாத சொல்

சகாயராஜ் ஒரு செல்போன் கம்பெனியில் விற்பனைப் பயிற்சியாளராக இருந்தவர். கடைப் பையன்களை வரிசையாக நிற்கவைத்து, "முடியாதுங்கிற வார்த்தையே வாயில வரக்கூடாது" என்று கத்தவைப்பது அவர் வேலை. அந்த வேலை போன பிறகு, அதே பேச்சில் பைபிள் வசனங்களைக் கலந்து, திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மண்டபத்தின் மாடியில் 'புதிய மனம்' என்ற கூட்டத்தைத் தொடங்கினார். சனிக்கிழமை மாலைகளில் கூட்டம் நடக்கும். பாட்டும் ஜெபமும் முடிந்ததும் ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுப்பார்கள். அதில் தன் முகத்தைப் பார்த்து, "நான் சுகமானவன். நான் ஜெயிக்கப் பிறந்தவன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பயத்தையும் நோயையும் மட்டும் வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அதற்கு நாமே உயிர் கொடுத்ததாகிவிடும் என்பார் சகாயராஜ்.

அவர் ஊரை ஏமாற்றவில்லை. சொன்னதை முழுக்க நம்பினார். நம்புவதற்கு அவர் வீட்டிலேயே சாட்சி இருந்தது. தங்கை ஜீவிதாவின் கணவர் அன்புமணி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். வண்டியை விட்டு இறங்கினால் நேராகச் சாராயக் கடைக்குத்தான் போவார். கன்னிவாடியில் அவர் விழுந்து கிடக்காத தெரு இல்லை. ஜீவிதா அழுது இழுத்துக்கொண்டு வந்ததால் ஒரு சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தவர் பேச முடியாமல் தேம்பினார். அதோடு குடியை விட்டார். பிறகு எத்தனையோ கூட்டங்களில் எழுந்து நின்று, "அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூக்கிவிட்டுச்சு" என்று சாட்சி சொன்னார்.

போன ஆடி மாதம், மார்க்கெட்டில் லோடு ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த அன்புமணி அப்படியே சரிந்து விழுந்தார். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்கவைத்தார்கள்.

"எவ்வளவு நாளா நெஞ்சு வலி இருந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"வலின்னு அவர் ஒரு நாளும் சொன்னதில்லிங்களே" என்றாள் ஜீவிதா.

அவரோடு மாற்றி மாற்றி வண்டி ஓட்டும் ஆண்டிச்சாமி வார்டுக்கு வெளியே சகாயராஜைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், மலைப்பாதையில அடிக்கடி வண்டிய ஓரங்கட்டிருவாப்ல. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, நான் சுகமானவன், நான் சுகமானவன்னு முணுமுணுப்பாப்ல. ஏதோ ஜெபம்னு நெனச்சு நானும் விட்டுட்டேன். இப்பத்தான் புரியுது."

அவை சகாயராஜ் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். அந்தச் சனிக்கிழமை அவர் உடம்பு சரியில்லை என்று கூட்டத்துக்குப் போகவில்லை.

அன்புமணி வீடு திரும்பிக் கொஞ்ச நாள் கழித்து ஜீவிதா போன் செய்தாள். "அண்ணே, மாத்திரை எதையும் முழுங்க மாட்டேங்கிறாரு. தலையணைக்கு அடியில அப்படியே கிடக்குது. நீ வந்து சொன்னாத்தான் கேப்பாரு."

சகாயராஜ் உடனே பஸ் ஏறிக் கன்னிவாடிக்குப் போனார். அன்புமணி வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் சொல்லிக்கொடுத்த அதே சிரிப்பு முகத்தில் இருந்தது.

"மாத்திரைய ஏன் மாப்ள நிறுத்துனீங்க?"

"சுகமாயிட்டேன்னு சொல்லிக்கிட்டே மாத்திரைய முழுங்குனா ஆண்டவர்கிட்டப் பொய் சொல்ற மாதிரி ஆகாதா மச்சான்?"

"மாத்திரை வேணாம்னு நான் ஒருநாளும் சொன்னதில்லையே."

"வேணும்னும் சொன்னதில்லையே."

"சரி, விடுங்க. இப்ப வலிக்குதா?"

"நான் சுகமாயிருக்கேன்."

"நான் அதைக் கேக்கல. நெஞ்சுல வலி இருக்கா, இல்லியா?"

"எதுக்கு மச்சான் என்னைச் சோதிச்சுப் பாக்குறீங்க?"

"சோதனை இல்ல மாப்ள. நான் சொல்லிக்குடுத்தது தப்பு. சிலுவையில தொங்கையில இயேசுவே தாகமா இருக்குன்னு வாய்விட்டுச் சொன்னாரு. அவர் மறைக்கல. வலிக்குதுன்னு சொன்னா விசுவாசம் இல்லைன்னு ஆயிராது. கும்பிட்டுக் கேக்குறேன், சொல்லுங்க."

அன்புமணியின் சிரிப்பு மறைந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. "உங்களுக்கு விசுவாசம் கொறஞ்சிருச்சு மச்சான். நான் விழுந்ததைப் பாத்துப் பயந்துட்டீங்க. நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன்."

எழுந்து வந்து சகாயராஜின் தலைமேல் கைவைத்தார். சகாயராஜின் சொற்களையே சொல்லி ஜெபித்தார். சகாயராஜ் குரலை எங்கே உயர்த்துவாரோ அங்கே உயர்த்தினார், எங்கே தாழ்த்துவாரோ அங்கே தாழ்த்தினார். தலைமேல் இருந்த கை சில்லென்று நனைந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால், அன்புமணியின் மேலுதட்டிலும் நெற்றியிலும் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"போதும், நிறுத்துங்க" என்றாள் அடுப்படியிலிருந்து வந்த ஜீவிதா. "எனக்குப் பயமா இருக்கு."

"ஜீவிதா, அந்தச் சொல்லைச் சொல்லாத" என்றார் அன்புமணி.

"சொல்லுவேன். நீங்க வண்டியெடுத்துக்கிட்டுப் போன ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயமா இருந்துச்சு. படுக்கையில நீங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் புரண்டதை நான் பாத்தேன். என்னங்க செய்யுதுன்னு ஒரு வார்த்தை கேட்டா நோய்க்கு உயிர் குடுத்ததா ஆயிரும்னு, தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன். கட்டுன புருசன் துடிக்கிறதைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேங்க."

அன்புமணியின் கை சகாயராஜின் தலையிலிருந்து நழுவியது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ தூங்குறன்னுல நெனச்சேன்" என்றார். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, "இங்க வலிக்குது. தோள் வரைக்கும் இழுக்குது. காலையிலருந்தே" என்றார்.

ஒரு காரைப் பிடித்து மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது, இனி லாரி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை சகாயராஜ் கண்ணாடிகளைக் கொடுக்கவில்லை. நடந்ததை மறைக்காமல் சொன்னார். வலி இருந்தால் சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள், ஆண்டவர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றார். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தபோது பிரிஸ்கில்லா என்ற பெண் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பிரதர், எங்கம்மாவுக்குக் கேன்சர்னு வீட்டுல யாரையும் பேசவே விடலைங்க நான். நீங்க சொன்னீங்கன்னுதான். கடைசிவரைக்கும் அவுங்களும் பேசல. என்கிட்ட எதையோ சொல்ல வாயெடுத்தாங்க, நான் கையால பொத்துனேன். இப்ப இதைச் சொல்றீங்களே?"

சகாயராஜ் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவள் படியிறங்கிப் போய்விட்டாள். அதன் பிறகு கூட்டத்துக்கு ஆள் குறைந்தது. கரூர் ரோட்டில் வேறொருவர் கைக்கண்ணாடியோடு கூட்டம் ஆரம்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டார்.

அன்புமணி மாத்திரை சாப்பிட்டார். ஆனால் யாரோடும் பேசுவதை விட்டுவிட்டார். சர்ச்சுக்கும் போகவில்லை. சாராயக் கடை வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்தார் என்று ஜீவிதா போனில் சொல்ல, சகாயராஜ் மறுபடி கன்னிவாடிக்குப் போனார். அன்புமணி வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சகாயராஜ் பக்கத்தில் போய் நின்றார்.

"குடிக்கணும்போல இருக்கு மச்சான்" என்றார் அன்புமணி. "முன்னாடி அந்த வார்த்தையைச் சொல்லித்தான் சமாளிச்சேன். இப்பச் சொன்னா எனக்கே பொய்யாத் தெரியுது. இனி என்னத்தைச் சொல்றது?"

சகாயராஜின் நாக்கு நுனியில் பதில்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாமே மேடையில் சொல்லிச் சொல்லிப் பழகியவை.

"எனக்குத் தெரியல மாப்ள" என்றார்.

அன்புமணி அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். சகாயராஜ் உட்கார்ந்தார். சாராயக் கடை மூடும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.