அண்ணனுக்கு வைத்த ஆப்பு

தையல்காரி தன் வீட்டு மேசையில் கத்தரிக்கோல் தீட்டும்போதெல்லாம், அடுத்த தெருவிலிருந்த அவளுடைய அண்ணன் வீட்டில் ஏதாவது ஓர் இரும்பு மழுங்கிப்போகும். முதலில் போனது காய் நறுக்கும் கத்தி. பிறகு அரிவாள், சவரக்கத்தி, கடைசியில் வீட்டுக்குப் பின்னாலிருந்த மரப்பட்டறையின் உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாம். புதிதாக வாங்கிவந்தால் வாசற்படி தாண்டும்வரைதான் கூர். வெளியிலும் தப்ப முடியவில்லை, சலூனில் அண்ணன் கன்னத்தில் வைத்த கத்தி அதோடு உபயோகமில்லாமல் போனதால், சலூன்காரர் அவரைத் தூரத்தில் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்டார்.

தையல்காரியின் புருஷன் அண்ணன் பட்டறையில்தான் வேலை பார்த்தார். இதெல்லாம் தொடங்குவதற்கு முன்பு ஒருநாள் ரம்பம் பாதிப் பலகையில் சிக்கி நின்றது. மெஷினை நிறுத்திவிட்டு, சிராயை எடுக்கக் கையை உள்ளே விட்டிருந்தார். போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டே வந்த அண்ணன் ஸ்விட்சைப் போட்டார். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அதோடு விட்டிருந்தால்கூட அவள் பொறுத்துப் போயிருப்பாள், கூடப்பிறந்தவர் ஆயிற்றே. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, கேட்டவர்களிடமெல்லாம், "குடிச்சிட்டு வந்து மெஷின்ல கைய விட்டா யார் என்ன பண்றது?" என்றார். அந்த மனிதர் டீயைத் தவிர வேறெதையும் குடித்தறியாதவர். ஊர் நம்பியது. ஊருக்கு என்ன, நம்புவதற்கு ஒன்று கிடைத்தால் போதும். வேலை கேட்டுப் போன இடங்களில் அவரை வாயை ஊதிக் காட்டச் சொன்னார்கள். விரல் போனதைக்கூடத் தாங்கிய தையல்காரியால் அதைத் தாங்க முடியவில்லை. அண்ணன் தன் வாயால், ஊர் கேட்க, உண்மையைச் சொல்ல வேண்டும். தனக்கு வேண்டியது அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தாள்.

கத்தரிக்கோலை முன்பெல்லாம் புருஷன்தான் தீட்டிக் கொடுப்பார். இப்போது கல்லைப் பிடிப்பாரா, கத்தரிக்கோலைப் பிடிப்பாரா? அவள் தீட்டினால் சாணைக்கல் மேசை முழுக்க வழுக்கிக்கொண்டு ஓடியது. கல் ஆடாமல் உட்கார ஒரு கட்டை செய்துவிடுவதென்று முடிவானது. கூட வேலை பார்த்த ஒருவர், அன்றைக்குப் பாதியில் நின்ற அந்தப் பலகையையே கொண்டுவந்து போட்டார். கறை ஏறியிருந்ததால் யாரும் அதைத் தொடவில்லையாம். புருஷன் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவள் செய்தாள். கல்லைப் பலகைமேல் வைத்துச் சுற்றிலும் கத்தி முனையால் கோடு கீறினாள். கோட்டுக்குள்ளே உளியால் கல்லின் பாதி கனத்துக்குக் குழி எடுத்தாள். மீதிப் பாதி மேலே நின்றால்தான் கை இடிக்காமல் தீட்டலாம். அடியில் ஆணி அடித்துத் தலையை வெட்டி, மேசையைக் கவ்விக்கொள்ளத் துளி நீட்டி வைத்தாள். எல்லாம் சரி, குழிதான் நீளவாக்கில் ஒரு விரல் அகலம் கூடிப்போயிற்று.

"பரவால்ல, அந்த எடத்துல ஒரு ஆப்பு வெச்சிடு. ஆனா வால் விட்டு அடி. பின்னால கல்லை எடுக்கணும்னா புடிச்சி இழுக்க ஏதாவது வேணும்ல" என்றார் புருஷன்.

அவள் ஆப்பைச் சீவி, கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே நிறுத்தி, கொட்டாப்புளியை ஓங்கினாள். "இது எங்கண்ணனுக்கு வெக்கிற ஆப்பு" என்று சொல்லி அடித்தாள். மேலதிகாரிக்கு, சம்பந்திக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று நாமெல்லாம் வாயால் வைக்காத ஆப்பா? ஆனால் நிஜமான ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை வயிற்றெரிச்சலோடு யாரும் அதைச் சொன்னதில்லை போலிருக்கிறது. ஆப்பு இறங்கிவிட்டது. இறங்கியதும், நீட்டிக்கொண்டிருந்த வாலை ஒட்ட அறுத்தாள். "அடியே, வாலு!" என்று புருஷன் பதறினார். "தெரிஞ்சுதான் அறுத்தேன்" என்றாள்.

சில வருடங்களில் பட்டறை மூடப்பட்டது. ரம்பம் மரத்தை அறுக்காமல் தேய்த்துத் தேய்த்துப் புகைய வைத்தால் எந்த ஆள் நிற்பான்? அண்ணி பூசணிக்காயைத் தரையில் போட்டு உடைத்துச் சமைத்தாள். அண்ணனுடைய தாடி இடுப்புக்கு வந்தது. சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தார். அங்கே போன கூரெல்லாம் இங்கே வந்து சேர்ந்ததில், தங்கையின் கத்தரிக்கோலைக் காட்டினாலே துணி இரண்டாகப் பிரிந்தது. காரணம் அண்ணனுக்குத் தெரியாமலில்லை. "பொம்பள வயித்தெரிச்சலுக்கெல்லாம் பயப்படுற ஆளா நான்?" என்று தாடியைத் தடவியபடி சொல்லித் திரிந்தார்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அண்ணி உண்டானாள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. தொப்புள்கொடிதான் வெட்டுப்படவில்லை. நர்ஸ் கத்தரிக்கோலை மாற்றி மாற்றிப் பார்த்தாள். டாக்டர் வந்து தன் பங்குக்குச் சில கத்திகளை வீணாக்கிவிட்டு, மற்ற நோயாளிகளுக்கு வேண்டுமென்று மீதியைப் பூட்டி வைத்தார். அண்ணிக்குக் காய்ச்சல் ஏறியது. இனியும் தாமதித்தால் இரண்டு உயிரும் தங்காது என்றார்.

அண்ணன் செருப்புகூடப் போடாமல் தங்கை வீட்டுக்கு ஓடிவந்தார். தாடி சட்டைக்கு வெளியே கிடந்து ஆடியது.

"வர்றேண்ணே. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, வர்றேன்" என்றாள்.

அவர் ஏதோ முனகினார்.

"எனக்குக் கேக்குது. தெருவுக்குக் கேக்கல. ஆஸ்பத்திரி வரைக்கும் சொல்லிக்கிட்டே முன்னால நடங்க."

அவர் நடந்தார். "நான்தான் ஸ்விட்சப் போட்டேன்! மாப்பிள்ளை குடிக்கல, நான்தான் பொய் சொன்னேன்!" என்று டீக்கடை, சலூன், மூடிய பட்டறை எல்லாவற்றையும் தாண்டிக் கத்திக்கொண்டே போனார். ஜன்னல்கள் திறந்தன. கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள். குரல் தணிந்தால் நின்றுவிடுவாள். மறுபடி உரக்கச் சொன்ன பிறகுதான் காலெடுத்து வைப்பாள். ஒரே வெட்டில் கொடி விழுந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் புருஷன், "அதான் சொல்லிட்டாருல்ல. கட்டையப் பொளந்தா ஆப்பு வந்துரும், எடுத்துடு" என்றார்.

அவள் கல்லில் எண்ணெய் விட்டாள். "பேச்சுக்குப் பேச்சு சரியாப் போச்சு. வெரலுக்கு?" என்று கேட்டுவிட்டு, கத்தரிக்கோலைத் தீட்ட ஆரம்பித்தாள்.  உள்ளுக்குள் தனக்கும் அது இனிக்கத்தான் செய்தது என்று பிறகு டீக்கடையில் புருஷனே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. காய்க்காரர் அந்த வீட்டுக்கு நறுக்கியே கொடுத்துவிடுகிறார். குழந்தைக்கு நகம் வெட்டுவது அத்தையின் வேலை. வாரத்துக்கு ஒருமுறை தானாக வந்து, மேசைமேல் ஏறி உட்கார்ந்து கையை நீட்டும். அத்தைக்கு அதன்மேல் உயிர். போன வாரம் வந்தபோது, "அப்பாவுக்குப் பல்லும் மழுங்கிடுச்சு அத்தை. எதையும் கடிக்க முடியலையாம்" என்றது.

"அப்படியா செல்லம்?" என்றாள் தையல்காரி. வெட்டி முடித்த விரல்களை முந்தானையால் துடைத்துவிட்டாள். "சரி, அந்தக் கையக் குடு."