இரவுக்கு ஒராள்

என் கணவர் கிறகரி, கோயிலின் கீழ் மண்டபத்தில் இருந்தபடி கனடாவை ஆளுகிறவர். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கையில் தேநீர் வந்துவிட்டால் சட்டமும் தீர்ப்பும் அவருடையதுதான். அன்று, தன் அக்காவை அடித்தவனுக்குப் பத்து வருடச் சிறை என்று அறிவித்தார்.

அந்த அக்கா, எனக்கு அக்னெஸ் மச்சாள். அவருக்குப் பாரிசவாதம், இடப்பக்கம் இயங்காது. ரொக்ஸ்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். கழிப்பறைக்குப் போக மணி அடித்ததற்கு இரவுப் பணியாளன் கன்னத்தில் அறைந்துவிட்டான். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை சொல்லும் நாளில் மச்சாளும் பேசலாம் என்றார்கள்.

"பத்து வருசம் கேக்கச் சொல்லுவம்," என்றார் இவர்.

வரி வேலை பார்க்கும் றொக்சன் பணிஸைக் கடித்தபடி சொன்னான்: "அண்ணை, ஒரு கைதிக்கு வருசம் லட்சம் டொலருக்கு மேலை செலவாம். எங்கடை வரிக்காசுதான்."

இவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப ஆறு காணும்."

"ஆறு லட்சம், அண்ணை."

"நாலு."

மீன் கடையில்கூட இவ்வளவு வேகமாக விலை இறங்கி நான் கண்டதில்லை. வீடு திரும்பும்போது காரிலே இரண்டாகிவிட்டது.

"இன்னும் ரெண்டு சிக்னல் லைற் இருக்கு," என்றேன். "வீட்டை போறதுக்குள்ளை அவனை விட்டிடுவியள்."

அக்காவுக்குக் கதைக்கத் தெரியாது என்று, நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியதை இவரே பாடமாக்கிக் கொடுத்தார். மச்சாள் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார்.

அங்கே போய் மச்சாள், மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீதிபதியிடம் கேட்டார்: "அம்மா, மறியலிலை இந்தப் பிள்ளை இரவிலை கூப்பிட்டால் ஆரும் வருவினமோ?"

சிறையில் இரவு முழுக்கக் காவலர்கள் இருப்பார்கள் என்றார் நீதிபதி.

"இந்தப் பிள்ளையைப் பொலிஸ் பிடிச்ச நாளிலை இருந்து எங்கடை மாடியிலை இரவுக்கு ஆளில்லை. செலவு கூடவாம். நான் விடியுமட்டும் அடக்கிக்கொண்டு கிடக்கிறன். இவருக்கு எத்தினை வருசமெண்டாலும் குடுங்கோ. எனக்கு இரவுக்கு ஒராள் தாங்கோ."

அது தன் கையில் இல்லை என்று நீதிபதி வருத்தத்தோடு சொன்னார். அவனுக்குப் பதினெட்டு மாதம் கொடுத்தார்.

வெளியே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த இவர் நின்றார். "ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ வருசம் எண்ணிக்கொண்டிருந்தாய், தம்பி."

கார் ரொக்ஸ்பரோவுக்குப் போகவில்லை. செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது. முன்னறையில் இவரே கட்டிலை இழுத்துப் போட்டார். மணிக்குப் பதிலாக மச்சாளின் கைக்கு எட்ட ஒரு தட்டும் கரண்டியும் நான் வைத்தேன்.

இப்போது மச்சாள் ஒரு தட்டுத் தட்டினால் போதும், இவர் எழும்பிவிடுகிறார். முப்பது வருடமாக நான் உலுப்பியும் எழும்பாத மனிசன்.