அத்தானின் இறுதி ஏற்பாடுகள்

லிப்ட் ஆய்வாளர் ஓய்வுபெற்ற மூன்றாம் வருடம், தனக்குப் புற்றுநோய் என்று தானே முடிவுகட்டினார். டாக்டரைக் கேட்கவில்லை, கைபேசியைக் கேட்டார். ராத்திரியில் ஐந்து தடவை எழுந்துகொள்கிறார், கழிப்பறையில் நின்று நின்று கால் மரத்துப்போகிறது, வருவதோ சொட்டுச் சொட்டாக. கைபேசி 'புராஸ்டேட் சுரப்பி' என்றது. மேற்கொண்டு படிக்காமல் நேராகச் சாவுக்கே போய்விட்டார்.

குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார். மேசை இழுப்பறைகளை ஒழித்தார். சட்டம்போட்டு மாட்டத் தன்னுடைய எந்தப் படம் எடுப்பாக இருக்கும் என்று மனைவியிடம் கேட்டார்.

"முதல்ல டாக்டரப் பாருங்க. அப்புறம் படத்தப் பாக்கலாம்," என்றாள் அவள்.

துணைக்குத் தன் தம்பியை அனுப்பினாள். அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவன், ஐம்பத்தெட்டு வயது, சளி பிடித்துக்கூடப் படுத்ததில்லை. டாக்டரம்மாவின் அறையிலும் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த நோய் எங்கப்பாவுக்கு இருந்துதுங்க. ரத்தசம்பந்தமே இல்லாத எங்க அத்தான் எதுக்கு அதுக்கு ஆசைப்படுறாரு?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்கப்பாவுக்கா? அப்ப நீங்களும் ரத்தம் குடுங்க."

"எனக்குக் குழாயத் திறந்த மாதிரி போகுதுங்களே."

"போகட்டும். குடுத்துட்டுப் போங்க."

ரத்தப் பரிசோதனை, விரல் பரிசோதனை, ஸ்கேன் என்று ஒரு மாதம் ஓடியது. தம்பிக்கு மட்டும் ஊசியால் சதை எடுத்தார்கள். பிறகு, முடிவைத் தங்கள் இருவரையும் சேர்த்தே உட்காரவைத்துச் சொல்லும்படி அத்தானும் மச்சானும் கேட்டுக்கொண்டார்கள்.

"உங்களுக்குச் சுரப்பி பெருசாயிருக்கு, அவ்வளவுதான்," என்றார் டாக்டரம்மா, ஆய்வாளரிடம். "வயசானா நிறையப் பேருக்கு வர்றது. சிறுநீர்க்குழாயச் சுத்தி வளந்து அத நெரிக்குது. மாத்திரை தர்றேன்."

"இது பின்னால புற்றுநோயா மாறுமா?" அவர் குரலில் பயத்தைவிட எதிர்பார்ப்பே அதிகம்.

"மாறாது. அது வேற, இது வேற."

பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் புற்றுநோய். சுரப்பியோட வெளி ஓரத்துல இருக்கு. குழாயத் தொடல, அதான் ஒண்ணுமே தெரியல. வெளிய பரவல. எடுத்துடலாம்."

தம்பி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டில் அக்காள் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆய்வாளர் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஆறு மாசமா அவதிப்பட்டது நானு," என்றார். "இவனுக்கு ஒரு அறிகுறியும் கிடையாது."

"வேணும்னா டாக்டர்கிட்ட போய் மாத்திக் கேளுங்க," என்றாள் மனைவி, நிமிராமலே.

அறுவை நடந்த அன்று அவரும் வந்தார். நான்கு மணிநேரம் அறுவை அறையின் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மச்சானைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்தபோது, போர்வைக்கு வெளியே கிடந்த அவன் பாதத்தைப் போர்த்திவிட்டார். அதை யாரும் பார்க்கவில்லை என்பதில் அவருக்கு முதன்முறையாக வருத்தமில்லை.

தம்பிக்குச் சில மாதங்கள் சிறுநீர் கசிந்தது, பிறகு நின்றது. அடுத்தடுத்த ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றுமில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டான். ஆய்வாளர் மாத்திரையின் புண்ணியத்தில் ராத்திரி ஒரு தடவைதான் எழுகிறார். வருகிறவர்களிடம், "நாங்க ரெண்டு பேருமே மீண்டு வந்தவங்க," என்கிறார்.

தம்பி மறுப்பதில்லை. அக்காள்தான் எழுந்து சமையலறைக்குள் போய்விடுகிறாள்.