டம்ளர் விலை ஏறாத ஊர்

இளவரசி ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே, பிள்ளையார்பாளையத்துப் பாத்திரக் கடை வாசலில் இரண்டு பேர் கடுப்போடு நிற்பது தெரிந்தது. ஒருவர் கையில் குக்கர் மூடி. இன்னொரு அம்மாள் இட்லிப் பானையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் குமாரவேல் வாசலில் தண்ணீர் தெளித்து, விபூதி பூசி, கல்லாப்பெட்டிக்குக் கற்பூரமும் காட்டி முடித்தாயிற்று. வியாபாரத்தை மட்டும் ஆரம்பிக்கவில்லை.

"தோ வந்துக்கினு இருக்குது பாருங்க. ஒரு நிமிசம் பொறுத்துக்கோங்கமா, போணி ஆவட்டும்" என்றார்.

இளவரசி விளிம்பு மடித்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துக்கொண்டு எண்பது ரூபாயை நீட்டினாள். குமாரவேல் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். அதற்கப்புறம்தான் இட்லிப் பானைக்கு விடிவுகாலம் பிறந்தது. இளவரசி ஓரமாக நின்று, பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து டம்ளர் விலையைப் பதிந்தாள்.

விலை எழுதுவதுதான் அவள் வேலை. குறித்த நாளில், குறித்த கடையில், குறித்த சாமான் என்ன விலைக்குப் போகிறது என்று மாதாமாதம் பதிந்து அனுப்ப வேண்டும். துவரம் பருப்பு, செருப்பு, முடிவெட்டும் கூலி என்று ஒன்றும் விடுவதில்லை. நாடு முழுக்க இப்படி வந்து சேர்வதைக் கூட்டிக் கழித்துத்தான் விலைவாசி இவ்வளவு ஏறியது என்று டி.வி.யில் சொல்கிறார்கள். ஒப்பந்த வேலை. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள், அல்லது மாட்டார்கள். பாத்திரம் என்ற வகையில் அவள் பங்குக்கு வந்தது இந்தக் கடையின் டம்ளர்.

முதல் மாதம் விவரம் தெரியாமல் கடை திறந்ததும் வந்து விலை கேட்டு, எழுதிக்கொண்டு திரும்பப் பார்த்தாள். குமாரவேல் முகம் சுண்டிப்போயிற்று. முதலில் வந்தவள் வெறுங்கையோடு போனால் அன்றைய வியாபாரம் விளங்குமா? அவளுக்குச் சங்கடமாகி ஒரு டம்ளர் வாங்கினாள். போணிக்கென்று குறைத்துக் கொடுத்தார். அன்று மத்தியானமே ஒரு கல்யாணக் கோஷ்டி வேனில் வந்து இறங்கி, பாதிக் கடையைக் காலி செய்துகொண்டு போயிற்று. அதோடு முடிந்தது கதை. அந்த நாள் வந்தால் அவள் கைக்காகக் கடை காத்திருக்கும். விலையும் அதே எண்பதுதான். ஏற்றினால் ராசி மாறிவிடும் என்பது குமாரவேல் கட்சி. கேட்கும் விலையை எழுதாதே, கொடுக்கும் விலையை எழுது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவள் தான் கொடுத்த விலையைத்தான் எழுதினாள். அதில் பெருமைகூட இருந்தது.

ஐயம்பேட்டை வீட்டு அலமாரியில் டம்ளர்கள் வரிசை கட்டின. "இருக்கறது ரெண்டு பேரு. கல்யாண மண்டபம் எதுனா நடத்தப் போறியா?" என்று மாமியார் லோகாம்பாள் கேட்டாள். லோகாம்பாள் கெட்டவள் இல்லை. மகன் இறந்துபோன பிறகும் மருமகளைத் தன்னோடே வைத்துக்கொண்டவள். வேலைக்குப் போ என்று தள்ளிவிட்டவளும் அவள்தான். ஆனால் போன தையில் நாத்தனார் தேவிப்ரியாவுக்கு வளைகாப்பு நடந்தபோது, ஐந்து வகைச் சாதமும் கிளறி இறக்கிவிட்டு இளவரசி கூடத்துக்கு வந்தாள். வளையல் தட்டு கைமாறிக் கைமாறி அவள் பக்கம் வந்தது. "நீ உள்ள பந்திய பாத்துக்கோமா" என்றாள் லோகாம்பாள். குரலில் ஒரு கடுப்பும் இல்லை, அத்தனை பிரியமாகச் சொன்னாள். திட்டியிருந்தால் இளவரசி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். பிரியமாகச் சொன்னதற்கு என்ன சொல்வது? உள்ளே போய் அப்பளம் பொரித்தாள்.

அதனால் மாதத்தில் அந்த ஒரு நாளை அவள் எதிர்பார்த்தாள். தன் கைக்காக ஒருவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

மேற்பார்வையாளர் ஜான்சன் கூப்பிட்டனுப்பியது அந்த வாரக் கடைசியில். கம்ப்யூட்டரில் ஒரு கோட்டைக் காட்டினார். எல்லா ஊரிலும் எவர்சில்வர் படிப்படியாக ஏறிக்கொண்டிருக்க, இவள் ஊர் மட்டும் கோலம் போட இழுத்த கோடுபோல நேராகக் கிடந்தது.

"உங்க ஊர்ல மட்டும் டம்ளர் வெல ஏறவே ஏறாதா மேடம்? நேத்து மத்தியானம் நானே அந்தக் கடைக்குப் போயி வாங்கினேன். நூத்திப் பத்து. நீங்க கடைக்குப் போறீங்களா, வூட்ல உக்காந்து போடுறீங்களா?"

பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தால் கள் என்றுதானே சொல்வார்கள். அவள் போணிக் கதையைச் சொன்னாள். ஜான்சன் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்பறேன். ஆனா இது நம்ம ஊரு கணக்கு மட்டும் இல்லமா. எல்லா நாட்டுக்காரனும் ஒரே மாதிரி வெல எடுத்து, சொன்ன தேதில வெளியிடணும்னு பேசி வெச்சிருக்காங்க. அப்பதான் அவன் நாட்டு ஏத்தத்தையும் நம்ம ஏத்தத்தையும் பக்கத்துல வெச்சிப் பாக்க முடியும். சாதாரணமா வர்ற ஒருத்தர் குடுக்கற வெலதான் வெல. நீங்க அங்க சாதாரண ஆளு இல்ல. இனிமே அந்தக் கடைல நீங்க எதுவும் வாங்கக்கூடாது. வேற யாராவது வாங்கறத நின்னு பாத்து எழுதுங்க. அடுத்த மாசமும் இதே எண்பதுன்னு வந்தா, ஒப்பந்தத்துக்கு நான் எப்படி எழுதிக் குடுக்கறது?"

சரி சார் என்று தலையாட்டினாள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நீங்க அங்க சாதாரண ஆளு இல்ல என்ற பேச்சு மட்டும் பஸ்ஸில் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போய்ச் சொன்னாள். "இனிமே நான் வாங்கக்கூடாதுண்ணா. போணிய வேற யாராவது பண்ணட்டும்."

குமாரவேல் அண்டாவுக்குள் தலைவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். "வேற கை எதுக்கும்மா? இந்தக் கைதான் கடைக்கு ஒத்துப் போச்சே" என்று உள்ளிருந்தே சொன்னார்.

அவளுக்குக் கோபம் வந்தது. தன்மேலா, அவர்மேலா, ஜான்சன்மேலா என்று தெரியவில்லை. "எனக்கு வூட்டுக்காரர் இல்ல. தெரியுமாண்ணா உங்களுக்கு?"

அண்டாவிலிருந்து தலை வெளியே வந்தது. "ரெண்டாவது மாசமே எங்க வூட்ல சொன்னாங்கம்மா. மூணாவது மாசமும் நீதான போணி பண்ண?"

அதற்குமேல் இளவரசியால் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்த மாதம் அந்த நாளில், ஆட்டோவிலிருந்து இறங்கியவள் கடைக்குப் போகாமல் எதிர்ச்சாரியில் சைக்கிள் கடை நிழலில் நின்றுகொண்டாள். தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். கடை வாசலில் ஓர் அம்மாள் காலடியில் சாக்குப்பையை வைத்துக்கொண்டு நின்றாள். எதிரே இரண்டு டஜன் டம்ளர், அதே விளிம்பு மடித்தவை, அடுக்கியாயிற்று. பணமும் கையில் இருந்தது. குமாரவேல்தான் வாங்கவில்லை. இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டு எதிர்ச்சாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இளவரசி டேப்லெட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"மாகறல் பஸ்சு போயிரும் தெரியுமா" என்று அந்த அம்மாள் சத்தம் போட்டாள். குமாரவேல் ஏதோ சொல்லி இவள் பக்கம் கையைக் காட்டினார். அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் சும்மா நிற்கவில்லை, விறுவிறுவென்று தெருவைக் கடந்து வந்துவிட்டாள்.

"உன் கைல போணி ஆவணுமாம். வந்து பண்ணிட்டுப் போயேன்மா."

"நான் அங்க வாங்கக்கூடாதுமா. ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க."

"நீ ஏன் வாங்குற? வாங்கறது நானு. இந்தா, என் காசு. நீ குடு, அவ்ளோதான். பொண்ணு கல்யாணத்துக்கு எடுக்கறேன், நல்ல கையாவே இருக்கட்டும்."

பேசாமல் வாங்கிக் கொடுத்துவிடலாம். அந்த அம்மாளுக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் கல்யாணப் பாத்திரம். பின்னால் தெரிந்து அவள் மனம் சங்கடப்பட்டால் பாவம் யாருக்கு?

"எனக்கு வூட்டுக்காரர் இல்லமா" என்றாள்.

அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கடையைப் பார்த்தாள். அங்கே குமாரவேல் தட்டுகிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். நோட்டு நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிறகு இளவரசியின் வலது கையைப் பிடித்து, நோட்டுகளை உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"வாம்மா. பஸ்சு போயிரும்."

குமாரவேல் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் முகமெல்லாம் சிரிப்பு. பணத்தைப் பிரித்துப் பார்த்து, கால்வாசிக்குக் கொஞ்சம் கூடுதலாக அந்த அம்மாளிடமே திருப்பிக் கொடுத்தார். "இந்தக் கைல வந்தா ஒண்ணு எண்பதுதான்மா. எப்பவும் அதான் வெல."

சாக்குப்பையில் டம்ளர்கள் கலகலவென்று முட்டிக்கொள்ள, அந்த அம்மாள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

இளவரசி டேப்லெட்டைத் திறந்தாள். சாதாரணமாக வந்த ஒருத்தி, தன் சொந்தக் காசில் கொடுத்த விலை. எண்பது என்று போட்டாள். போன மாத விலையில் மாற்றம் இல்லை, உறுதிசெய்க என்றது திரை. ஜான்சன் முகம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. உறுதிசெய்யவில்லை. தன் கைக்காகக் குறைந்த அந்த எண்பதை அழித்துவிட்டு, மறுபடி எதிர்ச்சாரிக்குப் போய், அடுத்த ஆள் வரட்டும் என்று சைக்கிள் கடை நிழலில் நின்றாள். டேப்லெட்டை இடுப்போடு அணைத்து இடது கையில் பிடித்திருந்தாள். வலது கையை மட்டும் எதிலும் படாமல், மருதாணி காயாத கையைப்போலச் சற்றுத் தள்ளியே வைத்துக்கொண்டிருந்தாள்.